பக்கத்து ட்ரெயிலரிலிருந்து திரும்பி வந்த சட்டி

பேய், பிசாசு என்று எழுதிப் பக்கம் நிரப்பும் ஆள் நான் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரொறன்ரோ பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவித் தொடங்கி, ஸ்காபரோவில் பேஸ்மென்ற் கட்டிக் கொடுக்கும் சொந்தக் கொம்பனி வரைக்கும் வந்தவன். இருட்டிலும் ஈரத்திலும் சுவருக்குப் பின்னாலும் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எலி இருக்கும், பூஞ்சணம் இருக்கும், முந்தின ஆள் செய்த களவு வேலை இருக்கும். வேறொன்றும் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வாசிப்பவர்கள் என்னைப் பிழையாக நினைக்கக்கூடாது.

நான் புளோரிடாக் கடற்கரைக்குப் போனதற்குக் காரணம் என் மனைவி பவளம். இரண்டு மாரிக்கு முன்னர் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு வாசல் பனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு பொருந்திவிட்டது. டொக்டர் படம் எடுத்துப் பார்த்து, கையில் ஒரு பிழையும் இல்லை என்றார். ஆனால் பவளம் அகப்பையைத் தொடவில்லை. கேட்டால் கை நடுங்குகிறது என்பாள். முதல் பனி விழுந்ததும் கதிரையை முன் யன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏப்ரல் வரைக்கும் தெருவைப் பார்த்தபடி இருப்பாள். மகள் சுபா விட்பியிலிருந்து சனி, ஞாயிறுகளில் சமைத்துக் கொண்டுவருவாள். மற்ற நாட்களில் கடைச் சாப்பாடு. ஊர் முழுக்க வீடு திருத்தியவன், என் வீட்டில் இருந்த ஒரு ஆளைத் திருத்த முடியாமல் நின்றேன்.

வயது போன வெள்ளைக்காரர்கள் மாரி வந்தால் ட்ரெயிலரைக் கட்டி இழுத்துக்கொண்டு தெற்கே போய், சூடான கடற்கரை ஓரத்தில் மாதக்கணக்காகத் தங்குவார்கள். எனக்கு வேலை தந்த பலர் அப்படிப் போனவர்கள்தான். அவர்களுக்கு முடியும் என்றால் எனக்கு முடியாதா? பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினேன். நிலத்தைக் கிளப்பிப் புதுப் பலகை போட்டேன். அடுப்பை மாற்றினேன், குழாயை மாற்றினேன். விற்றவன் வந்து பார்த்துவிட்டுத் தன்னுடையதுதானா என்று கேட்டான்.

பவளம் ஒருமுறை உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"அகதி முகாமிலை இருந்து தப்பி வந்த எங்களை நீங்கள் இப்ப முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ?"

"இது வேறை முகாம். கடற்கரை. பென்சன்காரர்."

"லைனிலை நிண்டு தண்ணி பிடிக்கிறதோ?"

"குழாய் உள்ளுக்கை வருது. நானே பூட்டினது."

அவள் சொன்னாள்: "சரி, ஒருக்கால் வாறன். ஆனால் அங்கை எனக்குக் கதைச்சுப் பேச ஒரு பொம்பிளையாவது இருக்கவேணும். இல்லையெண்டால் அடுத்த வருசம் நீங்களும் உங்கடை ட்ரெயிலரும் தனியப் போங்கோ. நான் யன்னலுக்குப் பக்கத்திலை இருப்பன்."

நான் அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு பின்னேரம். வெயில் இருக்கும் என்று நினைத்தேன். கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. குளிர் இல்லை. குளிர் இல்லாத மூடுபனியை நான் அதுவரை கண்டதில்லை. முகத்தில் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. ட்ரெயிலர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு மடக்குக் கதிரைகள், எல்லாம் கடலைப் பார்த்தபடி. கதிரைகளில் ஆட்கள் இல்லை. மூடுபனியில் கடலும் இல்லை.

இறங்கி நின்றபோதுதான் இன்னொன்று விளங்கியது. ஒரு குழந்தையின் சத்தமும் இல்லை. அறுபது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லாத ஊர். மின்சார வண்டிகளில்தான் எல்லாரும் போய்வருகிறார்கள். அவற்றுக்கு இரைச்சல் கிடையாது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு கிழவனும் கிழவியும் புன்னகையோடு நிற்பார்கள். மறுபடி பார்த்தால் மூடுபனிக்குள் போயிருப்பார்கள்.

ட்ரெயிலரைப் பின்னுக்குச் செலுத்தி எங்கள் இடத்தில் விடவேண்டும். ஸ்காபரோவில் மண் ஏற்றின லொறி ஓட்டியவன் நான். ஆனால் ட்ரெயிலர் வேறு சாதி. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது. மூன்று தரம் தண்ணீர்க் குழாயை இடிக்கப் பார்த்தேன். பவளம் கண்ணை மூடிக்கொண்டு கந்தா, முருகா என்றாள். அப்போது பக்கத்து ட்ரெயிலரிலிருந்து நெட்டையான ஒரு கிழவர் இறங்கி வந்து எனக்குக் கை காட்டத் தொடங்கினார். வா, வா, நில். ஒவ்வொரு தரமும் நில் என்று காட்டிவிட்டுத் தன் ட்ரெயிலரின் யன்னலைத் திரும்பிப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். பிறகு எனக்குச் சொல்வார். அவர் இங்கிலீசில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வெட்டச் சொல்லுறா ஐரீன்."

வெட்டினேன். ட்ரெயிலர் நூல் பிடித்தது போல உள்ளே போய் நின்றது.

"ஐரீன் என் மனிசி. இருபது வருசமாய் என்னை உப்பிடித்தான் பின்னுக்கு விடச் செய்தவ," என்றார் கிழவர். தன் பெயர் ஹென்றி என்றார். சட்பரிப் பக்கம் நிக்கல் சுரங்கத்தில் வேலை செய்தவராம். என் தொழிலைக் கேட்டார், சொன்னேன். "அப்ப நீ நிலத்துக்குக் கீழை அறை கட்டினனி, நான் நிலத்துக்குக் கீழை அறை உடைச்சனான்," என்று சிரித்தார். எனக்கு ஆளைப் பிடித்துக்கொண்டது.

நான் பவளத்தின் பக்கம் திரும்பினேன். "கண்டீரே? வந்து இறங்க முந்தியே பக்கத்திலை ஒரு பொம்பிளை."

"எங்கை, வெளியிலை வரேல்லையே?"

"அவ உள்ளுக்கை ஆறுதலாய் இருக்கிறா," என்றார் ஹென்றி, நான் இங்கிலீசில் கேட்டபோது.

மறுநாள் காலை வரிசை வழியாக நடந்தேன். எல்லாருக்கும் அங்கே காலை நடை உண்டு. ஹென்றியின் ட்ரெயிலரைக் கடக்கும்போது எல்லாரும் ஒரு கணம் நின்று யன்னலைப் பார்த்து, "குட் மோர்னிங், ஐரீன்," என்றார்கள். திரைச்சீலை பாதி இழுத்திருந்தது. உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது. பதிலுக்கு ஒருவரும் காத்து நிற்கவில்லை, சொன்னார்கள், போனார்கள். கோயில் வீதியில் போகிறவர்கள் நடக்கிற நடையிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்களே, அப்படி. மரியாதைக்கு நானும் சொல்லிவைத்தேன்.

அன்று மத்தியானம் பவளம் ட்ரெயிலரின் அலுமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. சுபா கட்டித் தந்த சாமான்களில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசி வருத்தக்காரியோ?"

"அப்பிடித்தான் போலை."

"அப்ப அந்தக் கிழவன் என்னத்தைச் சமைச்சுக் குடுக்கும்? பாணும் பட்டருமாய்த்தான் இருக்கும். உறைப்பில்லாமல் ஒரு சொதி வைப்பம்."

நான் வெளியே போய்க் கதிரையில் இருந்துகொண்டேன். வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளிக்கும் வாசம் வந்தது, பிறகு தேங்காய்ப்பால் வாசம். இடைக்கிடை அகப்பை சட்டியில் தட்டும் சத்தம். வெங்காயம் வெட்டியது அவள். கண் எரிந்தது எனக்கு.

இடியப்பமும் சொதியுமாக எவர்சில்வர் மூடிச் சட்டியில் இரண்டு பேருக்குப் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். இடது கையால் பிடித்துத் தாங்கினாலும் வலது கைதான் நீட்டியது. அதை நான் பார்த்தேன்.

அடுத்த காலை ஹென்றி சட்டியைக் கொண்டுவந்தார். சரியாகத் துடைக்காமல், தண்ணீர் வடிய, மூடியைக் கோணலாக வைத்து. பவளம் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"சட்டியை வெறுமனே திருப்பித் தரக்கூடாதெண்டு சொல்லுங்கோ."

"அவருக்கென்ன தெரியும், விடும்."

"தெரியாட்டிச் சொல்லிக் குடுக்கிறது."

எங்கள் வழக்கத்தை நான் என் இங்கிலீசில் விளக்கினேன். சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பினால் வந்த அன்பைத் திருப்பி அனுப்பியது போல; ஒரு கைப்பிடி சீனி என்றாலும் போட்டுத்தான் கொடுப்போம். பவளம் பொறுமை இல்லாமல் ஒரு தோடம்பழத்தை எடுத்துச் சட்டிக்குள் போட்டு, மூடி, அவர் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக் காட்டினாள். "எம்டி, நோ," என்றாள். கிழவர் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையை ஆட்டினார்.

"விளங்குது. வெறுமையாய் வராது," என்றார்.

அதற்குப் பிறகு வெறுமையாக வரவில்லை. பிட்டும் வாழைப்பழமும் போனது. ஒரு வெள்ளைச் சங்கு வந்தது. மீன் சொதி போனது. அங்கே பிடிபடும் ஒரு மீன் எங்கள் திரளியைப் போலவே இருக்கும், முள் மட்டும் கொஞ்சம் கூட. அதற்குப் பதிலாக ஒரு சீப்பு வந்தது. பழைய, ஆமையோட்டு நிறச் சீப்பு. பல்லில் ஒரு நரை மயிர் சுற்றியிருந்தது.

"சீப்பை ஏன் அனுப்பினவ?" என்றேன்.

"பொம்பிளையள் குடுப்பினம். உங்களுக்கு விளங்காது."

அவள் அந்தச் சீப்பைக் கழுவித் தலை இழுத்தாள். முடியையும் இரண்டு மாரியாகச் சரியாக இழுக்காமல் இருந்தவள். சந்தோசப்படவேண்டிய இடத்தில் எனக்குக் கழுத்துப் பின்பக்கம் குளிர்ந்தது.

பின்னேரங்களில் வரிசை முழுவதும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போகும். நாங்களும் போனோம். ஒருநாள் எங்கள் கதிரையைத் தூக்கச் சோம்பலாக இருந்தது. ஹென்றி இரண்டு கதிரை வைத்திருந்தார், ஒன்று சும்மா கிடந்தது. போய் இருந்தேன். வரிசையில் பேச்சு அப்படியே நின்றது. அலைச் சத்தம் மட்டும். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. ஒருவரும் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

"அதிலை வேண்டாம், தம்பி," என்றார் ஹென்றி மெதுவாக.

எழுந்துவிட்டேன். அன்று முழுக்க வெயில் தலை காட்டவில்லை. ஆனால் அந்தக் கதிரைச் சீலை சூடாக இருந்தது. யாரோ இருந்து எழும்பிப் போன கதிரை போல.

அந்தக் கிழமையில்தான் பவளம் ஐரீனைக் கண்டதாகச் சொன்னாள். மத்தியானம் உடுப்பு உலர்த்தும்போதாம்.

"யன்னலிலை இருந்தவ. கட்டை மயிர், நரைச்சுப் போச்சு. பச்சைச் சுவெற்றர். மேல் பட்டன் ஒண்டு இல்லை. எனக்குக் கை காட்டினவ."

"கதைச்சவவோ?"

"கண்ணாடிக்குள்ளாலை என்னெண்டு கதைக்கிறது? நானும் கை காட்டினன்."

பந்தயம் என் பக்கம் சாய்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் சட்டி வந்தது. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பட்டன்.

"பாத்தியளே!" பவளத்துக்கு ஒரே சந்தோசம். "தைச்சுத் தரட்டாம். சுவெற்றர் பிறகு வரும்."

"உம்மடை கையாலை ஊசி பிடிப்பீரே?"

"பிடிச்சால் பிடிபடும்."

சுவெற்றர் வரவில்லை. அடுத்ததாக வந்தது ஒரு மூக்குக்கண்ணாடி, மெல்லிய சட்டம் போட்ட வாசிக்கிற கண்ணாடி. பவளம் அதைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அளவாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சீப்பையும் பட்டனையும் கொடுக்கலாம். கண்ணாடியையும் கொடுத்துவிட்டால் அந்த மனுசி இனி என்னத்தால் பார்க்கிறாள்?

நான் நேரே டயானிடம் போனேன். அந்த இடத்தைப் பார்த்து நடத்துகிற பெண். உடுப்புத் தோய்க்கும் அறையில் காய்ந்த துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். ஐரீனுக்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா? ஐரீன் போன மாரியிலை செத்துப் போனா. கடற்கரையிலை, தன்ரை கதிரையிலை இருந்தபடி. ஹென்றி கொண்டுபோய் எரிச்சுப்போட்டு, சாம்பலோடை இந்த வருசமும் வந்து நிக்கிறார். பெட்டி யன்னலடியிலைதான் இருக்கு."

"எல்லாரும் காலமை குட் மோர்னிங் சொல்லுறியளே?"

"சொன்னால் எங்களுக்கு என்ன குறையப் போகுது?" என்றாள். பிறகு துவாயை மார்போடு அணைத்தபடி என்னைப் பார்த்தாள். "உங்கடை மனிசி சமைச்சு அனுப்பத் துவங்கினதுக்குப் பிறகுதான் அவர் சாப்பிடுறார். ரெண்டு சாப்பாட்டுக் கோப்பை வச்சுத்தான் சாப்பிடுறவராம்."

திரும்பி வரும் வழியில் ஹென்றியின் யன்னலை எட்டிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், பயம் இல்லை. அந்தக் கண்ணாடி, அந்தச் சீப்பு எல்லாம் ஒரு கிழவர் தன் மனைவியின் சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிற வேலை என்று விளங்கிவிட்டது. என் கவலை வேறு. பவளத்திடம் சொன்னால் அகப்பை கீழே போகும். நாளைக்கே பெட்டியைக் கட்டுவாள். மோர்னிங்சைட் யன்னலில் கதிரை காத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வீட்டில் மறைத்துப் பழக்கம் இல்லை. சொன்னேன்.

அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அப்ப எனக்குக் கை காட்டினது ஆர்?"

"இப்பத்தான் பாத்திட்டு வாறன். யன்னலடி இருக்கையிலை பச்சைச் சுவெற்றரைக் கொழுவி வச்சிருக்கிறார். மேல் பட்டன் இல்லை. அதைத்தான் நீர் கண்டது. காத்துக்கு ஆடியிருக்கும்."

"யன்னல் பூட்டிக் கிடக்கு. எந்தக் காத்து?"

நான் ஒரு பயற்றங்காயை எடுத்து முறித்தேன்.

"சுவெற்றருக்கு விரல் இருக்குமே?" என்றாள். "ரெண்டு மாரி யன்னலுக்குப் பக்கத்திலை இருந்தவள் நான். யன்னலிலை ஆள் இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாதோ?"

பயற்றங்காய்க்குத் தேங்காய்ப்பூப் போட்டு வறை சுண்டினாள். வழக்கம் போல இரண்டு பேருக்குச் சட்டியில் போட்டாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். யன்னல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்து இல்லை; படியில் காலைப் பார்த்து வைக்கவேண்டும்.

இப்படி நாட்கள் போயின. ஹென்றி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தார், ஆனால் முகம் தெளிவாகிக்கொண்டு வந்தது. சட்டியில் ஒரு கைலேஞ்சி வந்தது, பின்னல் ஊசி வந்தது. ஒரு மத்தியானம் பவளம் பால்ப்புக்கை பொங்கிச் சட்டியில் கொடுத்தபோது அவர் சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அந்தச் சுவெற்றரை விட்டால், இனி என்னட்டைப் போட்டுத் தர அவவின்ரை சாமான் ஒண்டும் இல்லை," என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"தோடம்பழம் போட்டால் காணும் எண்டு சொல்லுங்கோ," என்றாள் பவளம்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் மூடுபனி வழமையை விடத் தடிப்பாக ஏறியது. கதிரையைத் தூக்கிக்கொண்டு ஹென்றி போவதைக் கண்டேன். இரண்டு கதிரை. நாங்கள் போகவில்லை.

விடிய எழுந்து வெளியே வந்தேன். மூடுபனி இன்னும் இறங்கவில்லை. எல்லாம் நனைந்து கிடந்தது. கதிரைகளில் தண்ணீர் தேங்கி நின்றது, கொடியில் மறந்துபோய் விட்ட, நான் கட்டும் சாரம் பிழியலாம் போல இருந்தது, எங்கள் மரமேசை கறுத்து ஊறியிருந்தது. அந்த மேசையின் நடுவில் பவளத்தின் சட்டி. நாலாக மடித்த ஒரு துணியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. மூடி பக்கத்தில், அதுவும் கவிழ்த்து. தூக்கிப் பார்த்தேன். காய்ந்த சட்டி. துணியும் காய்ந்த துணி. கண்ணாடி போலத் துடைத்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பவளம், ஹென்றி வெள்ளெனச் சட்டியைக் கொண்டுவந்து வச்சிட்டார்."

அவள் வந்து நிமிர்த்திப் பார்த்தாள். "வெறுஞ்சட்டி." அவளுக்கு மனம் நொந்துபோனது. "தோடம்பழம் போடச் சொன்னனான் எல்லே?"

அதே நேரம் டயானின் வண்டி சத்தமில்லாமல் எங்கள் முன்னால் வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. ஹென்றியைத் தண்ணீர் ஓரத்தில், கதிரையில் கண்டெடுத்தார்களாம். பின்னேரம் போய் இருந்தவர் எழும்பவே இல்லை. மூடுபனிக்குள் அவர் இருப்பது தெரியாமல் எல்லாரும் தங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்து பார்த்த மருத்துவ வண்டிக்காரர், பொழுது படுகிற நேரமே உயிர் போயிருக்கும் என்றார்களாம்.

நான் பவளத்தின் கையில் இருந்த சட்டியைப் பார்த்தேன்.

பேஸ்மென்றில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிற மாதிரி நான் இதையும் தேடினேன். வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஏறிக் கேட்டேன்: சட்டியைக் கொண்டுவந்து வைத்தது நீங்களா? இல்லை. நீங்களா? இல்லை. எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒரு கிழவி மட்டும் என் தோளைத் தட்டி, "ஐரீன் நல்ல துப்புரவான ஆள்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். டயானையும் கேட்டேன். ஹென்றியின் ட்ரெயிலர் திறந்துதான் கிடந்ததாம். உள்ளே இரண்டு கோப்பையும் இரண்டு கரண்டியும் கழுவித் துடைத்துக் கவிழ்த்திருந்ததாம்.

வடக்கிலிருந்து ஹென்றியின் மகன் வந்தான். தகப்பனைப் போலவே நெட்டை. சாமான்களை ஒதுக்கி, வேண்டாதவற்றைப் பைகளில் கட்டினான். பச்சைச் சுவெற்றர் குப்பைப் பையின் வாயில் தொங்கியது. பவளம் போய் அதை எடுத்தாள். எங்கள் படியில் குந்தி, ஐரீனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். முதல் தரத்திலேயே கோத்துவிட்டாள். மேல் பட்டனைத் தைத்து, பல்லால் நூலை அறுத்து, மடித்து, சீப்பு, கண்ணாடி எல்லாவற்றோடும் அவன் கையில் கொடுத்தாள். அந்தப் பெரிய மனுசன் சுவெற்றரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போனான். பக்கத்தில் வெறும் சீமெந்து நிலம் மட்டும் கிடந்தது.

மறுநாள் காலை நடந்து போனவர்கள் அந்த வெற்று நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார்கள். "குட் மோர்னிங், ஐரீன்," என்றார்கள். போனார்கள். ஹென்றியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தபோது மோர்னிங்சைட்டில் தெரு ஓரத்துப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. சுபா பிள்ளைகளோடு விட்பியிலிருந்து வந்தாள். பவளம் நண்டுக் கறி வைத்தாள், பிட்டு அவித்தாள். முன் யன்னலடியில் இருந்த கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையடியில் போட்டாள். சுபா தாயின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வட் டிட் யூ டூ?" என்றாள் என் காதுக்குள்.

"உன்ரை டொக்டர்மாருக்கு ஏலாததை நான் செய்தனான்," என்றேன்.

"அம்மா, நெக்ஸ்ற் வின்ரரும் போவீங்களா?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன். பவளம் அந்த எவர்சில்வர் சட்டியைத் துடைத்து, வந்த அதே துணியை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"போகத்தான் வேணும்," என்றாள். "கொப்பர் தன்ரை இங்கிலீசிலை அந்த மனிசனுக்குத்தான் சொன்னவர், சட்டி வெறுமையாய்த் திரும்பக்கூடாதெண்டு. மனிசன் ஒருநாளும் மறக்கேல்லை. ஆனால் அவவுக்கு ஆர் சொன்னது? அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பிழை எங்களிலைதான். நான் போய்ச் சொல்லவேணும்."

சுபா என்னைப் பார்த்தாள். நான் நண்டுக் காலை உடைத்தேன்.

ஆக, பந்தயத்தில் வென்றது நான். பவளத்துக்கு அங்கே கதைத்துப் பேச ஒரு பெண் இருக்கிறாள். போன கிழமை டயானுக்குத் தொலைபேசி எடுத்து அடுத்த மாரிக்கு எங்கள் இடத்தையே பதிந்தேன். அவள் ஒரு வசதி சொன்னாள்: பக்கத்து இடம் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, அங்கிருந்து கடல் இன்னும் நன்றாகத் தெரியும், வேண்டுமென்றால் அதற்கு மாறலாமாம்.

"வேண்டாம்," என்றேன். "அங்கை ஆள் இருக்கு."

சரி என்று எழுதிக்கொண்டாள். யார் என்று கேட்கவில்லை.